விளக்கைச் சுற்றிய வளையம்

எங்கள் மலையில் எதைக் கேட்டாலும் பனிதான் பதில். துணி ஏன் காயவில்லை? பனி. லோரி ஏன் வரவில்லை? பனி. கங்காணி ஏன் காலையில் ஆளைத் தப்பாக எண்ணினார்? பாவம், பனியில் முகம் தெரியவில்லை. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, நாற்பது வயது தாண்டியும் அங்கேயே கிடந்தவள் நான். எனக்கும் அந்தப் பதில் போதுமாகத்தான் இருந்தது. அதனால் ஒரு கண் போயிற்று. மற்றதும் போகப் பார்த்தது.

எனக்கு வேலை தொழிற்சாலையில், தரம் பிரிக்கும் அறையில். வறுத்துக் காய்ந்த தேயிலையை நீள மேசையில் பரப்பி, அதில் கிடக்கும் குச்சியையும் நாரையும் பொறுக்கி எடுக்க வேண்டும். கறுப்புத் தூளில் பழுப்புக் குச்சி. கண் கூர்மையாக இல்லாதவளை அந்த மேசையில் ஒரு நாள் வைத்திருக்க மாட்டார்கள். கண் போனால் வேலை போகும், வேலை போனால் லயத்து வீடும் போகும். தோட்டத்தில் உழைக்கிறவர்களுக்குத்தான் வீடு. புருஷன், பிள்ளை என்று யாரும் எனக்கு இல்லை. என்னை உட்காரவைத்துச் சோறு போட ஒரு ஜீவன் கிடையாது. அதனால் என் கண்தான் என் புருஷன், என் பிள்ளை, என் வீடு எல்லாம்.

எங்கள் அம்மாவுக்குப் பார்வை போனது எழுபதுகளில். லயத்துக்குக் கரண்ட் வந்த புதுசு. சாயங்காலமானால் வீட்டுக்கு ஒரு பல்பு எரியும். அம்மா அதன் கீழே உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருப்பாள்.

“லைட்டச் சுத்தி வளையம் வளையமா தெரியுதுடி. கலர் கலரா. மாலை போட்டாப்ல இருக்கு” என்பாள்.

“பனிம்மா. கதவச் சாத்திட்டுப் படு” என்பேன் நான்.

“தலையும் வலிக்குது.”

“பனியில உக்காந்தா வலிக்காம?”

இரண்டு வருஷம் போவதற்குள் அம்மா சுவரைத் தடவித்தான் நடந்தாள். நான் சும்மா இருந்தேனா? “கண்ணு தெரியலையா உனக்கு? பானையில போயி முட்டிக்கிறே?” என்று கத்துவேன். உண்மையிலேயே தெரியவில்லை என்று எனக்கு உறைக்கவே வெகுநாளாயிற்று. தோட்டத்து மருந்தகத்தில் ஒரு டிரெஸர் இருந்தார். ஊசி போடுவது, புண் கட்டுவது, மாத்திரை கொடுப்பது எல்லாம் அவர்தான். எங்களைப் பொறுத்தவரை அவர்தான் டாக்டர். அவர் வந்து டார்ச் அடித்துப் பார்த்து, “வயசாச்சு, புரை” என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மாவுக்கு அப்போது ஐம்பது கூட ஆகவில்லை. அதை யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை, நானும்தான்.

அந்த நேரம் பார்த்துத்தான் என் தங்கச்சி கல்யாணம் கட்டிக்கொண்டு போனாள். லெம்பா பெர்த்தாமில் முட்டைக்கோஸ் போடுகிறவன். அவளே பார்த்துக்கொண்ட மாப்பிள்ளை. கண் தெரியாத தாயை என் தலையில் கட்டிவிட்டுப் போகிறாளே என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. இப்போது யோசித்தால் வயிற்றெரிச்சல் என்றும் சொல்லலாம். எனக்கு அப்படி ஒருத்தன் வரவில்லையே. அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும்போது, லயம் முழுக்க எட்டிப் பார்க்க, நான் கத்தினேன்: “என் ரெண்டு கண்ணும் அவிஞ்சு போனாலும் உன் வாசல மிதிக்க மாட்டேன்டி!”

அவள் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அம்மா செத்த அன்றுதான் வந்தாள். அன்றும் நான் முகம் கொடுக்கவில்லை. பிரிஞ்சாங் சந்தையில் அவள் எதிரே வந்தால் நான் கீரைக்காரி பக்கம் திரும்பிக்கொண்டு, வேண்டாத கீரைக்கெல்லாம் விலை கேட்பேன். எட்டு வருஷம் இப்படி ஓட்டினேன். வீம்பு என்று வந்துவிட்டால் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

எண்பதுகளின் நடுவில் ஒரு நாள், வேலை முடியும் நேரம், மேசைக்கு மேலே தொங்கும் பல்புகளைச் சுற்றி வளையம் தெரிந்தது. அது புதிதல்ல. சில மாதமாகவே சாயங்கால வேளையில் தெரிகிறதுதான். வெளியே தெரிந்தால் பனி என்று நினைத்தேன், உள்ளே தெரிந்தால் தேயிலைத் தூசி என்று நினைத்தேன். காரணம் கண்டுபிடிப்பதில் நான் கெட்டிக்காரி. அன்றைக்கு வளையத்தோடு நிற்கவில்லை. இடது புருவத்துக்கு மேல் ஆணி அடித்தமாதிரி ஒரு வலி. வீட்டுக்குப் போவதற்குள் வாந்தி. கண் சிவந்து, தொட்டால் கல் போல இருந்தது.

“பித்தம்லா. ரெண்டு நாளைக்குக் கஞ்சி குடி” என்று டிரெஸர் வெள்ளை மாத்திரை கொடுத்தார்.

கஞ்சி வைத்துக் கொடுக்க யார் இருக்கிறார்கள்? மூன்று நாள் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தேன். பக்கத்து வீட்டில் பிள்ளைகள் கூச்சல் போடுவதும், எதிர் வீட்டில் சாம்பார் தாளிப்பதும் கேட்டது. யாரும் கதவைத் தட்டவில்லை. அவர்களைக் குறை சொல்லி என்ன செய்ய? தட்டினால் எரிந்து விழுகிறவள் என்று பேர் வாங்கி வைத்திருந்தேன். நான்காம் நாள், வேலைக்கு வராதவர்கள் பட்டியலில் என் பேரைப் பார்த்து, ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணிதான் ஆள் அனுப்பினார். அதற்குள் இடது கண்ணில் பகலும் இரவும் ஒன்றாகிவிட்டது.

“வாக்குப் பலிச்சிருச்சு பாத்தியா? தங்கச்சியப் பாத்து என்ன சொன்னா? ஒன்னு போச்சு” என்று தண்ணீர்க் குழாயடியில் பேசிக்கொண்டார்கள். என் காதில் விழட்டும் என்றேதான் பேசினார்கள். அந்த வாரமே தங்கச்சி, காய்கறி லோரிக்காரனிடம் ஒரு பை முட்டைக்கோஸும் கேரட்டும் கொடுத்தனுப்பினாள். அதை அப்படியே அவன் கையில் திருப்பிக் கொடுத்தேன். பிறகு அன்றைக்கு ராத்திரிச் சோற்றை வெறும் ஊறுகாயோடு தின்றேன்.

டிரெஸருக்கும் மனசு உறுத்தியிருக்க வேண்டும். கோலாலம்பூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். தாப்பா வழியாக வளைவு வளைவாக இறங்கும் பஸ்ஸில், ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு போனேன்.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்தவள் ஒரு தமிழ்ப் பெண். குள்ளம், ஒல்லி, காலில் சாதாரணச் செருப்பு. முக்காலியை அவளே இழுத்துப் போட்டாள், கண் பார்க்கிற கருவியை அவளே பஞ்சால் துடைத்தாள். மிஸ்ஸி என்று நினைத்துவிட்டேன். எங்கள் ஊரில் நர்சுக்கு அதுதான் பேர்.

“மிஸ்ஸி, பெரிய டாக்டர் எப்ப வருவாரு?”

“நான்தாம்மா டாக்டர். தாடைய இங்க வைங்க.”

சிரிக்காமல்தான் சொன்னாள். பிறகு கேள்வி கேட்க ஆரம்பித்தாள் பாருங்கள், அப்பப்பா! தலைவலி எந்தப் பக்கம், எந்த நேரம்? வாந்தி முதலிலா, வலி முதலிலா? வெளிச்சத்தில் அதிகமா, இருட்டிலா? அம்மாவுக்குக் கண் எப்படி இருந்தது?

“வயசாயி புரை விழுந்துச்சு.”

“என்ன வயசு?”

“அம்பது.”

அவள் பேனா நின்றது. “விளக்கச் சுத்தி வளையம் தெரியுமா உங்களுக்கு?”

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. “எங்க மலைக்கு வந்து பாருங்க டாக்டர். அங்க எல்லா விளக்குக்கும் வளையம்தான். பனி.”

“இங்க பனி இல்லையே. கீழ இருக்கிறப்ப ஒரு விளக்கப் பாத்துட்டு எனக்குச் சொல்லுங்க.” எழுதிக்கொண்டே அடுத்ததைக் கேட்டாள். “கூடப் பிறந்தவங்க?”

“யாரும் இல்ல.”

வாயில் சட்டென்று வந்துவிட்டது. எட்டு வருஷமாக மனசில் சொல்லிப் பழகிய பதில்தானே. அவள் அதையும் எழுதிக்கொண்டாள்.

கடைசியில் நிலைமையைச் சொன்னாள். கண்ணுக்குள்ளே எந்நேரமும் தண்ணீர் ஊறும், வடியும். எனக்கு அது வடிகிற வழி பிறப்பிலேயே குறுகல். இடது கண்ணில் வழி அடைத்து, அழுத்தம் ஏறி, உள்ளே நரம்பு செத்துவிட்டது. அது திரும்பாது. வலது கண்ணுக்கும் அதே ஆபத்து எந்த நேரமும் வரலாம். லேசர் ஒளியால் கருவிழித் திரையில் ஊசிமுனை அளவு துளை போட்டுவிட்டால் தண்ணீர் வடிய வேறு வழி கிடைக்கும், கண் தப்பிக்கும்.

“நீங்களே செய்வீங்களா?”

“செய்வேன். எங்க பெரியவரு பக்கத்துல நின்னு கத்துக்கிட்டேன். ஒருத்தருக்கு முதல் தடவையில துளை சரியா விழல, மறுபடி உக்கார வைக்க வேண்டியதாயிருச்சு. நம்ம ஊருக்கு இது புதுசு. உங்களுக்கு யோசனையா இருந்தா அவரையே செய்யச் சொல்லிக் கேக்குறேன். ஆனா தள்ளிப் போடாதீங்க.”

இன்றைக்கு இதைப் படிக்கிற உங்களுக்கு அவள் மேல் மரியாதை வந்திருக்கும். எனக்கு அன்றைக்கு என்ன வந்தது தெரியுமா? பயம். இவளுக்கு ஒன்றும் தெரியவில்லை என்ற பயம். தோட்டத்தில் வளர்ந்தவளுக்குப் பெரியவன் யார், சின்னவன் யார் என்று ஒரு கணக்கு இருக்கிறது. கேள்வி கேட்கிறவன் சின்னவன். ஓடியாடிக் கேட்டுத் திரிகிறவன் கங்காணி. கிராணி அதைவிடக் குறைவாகக் கேட்பார். துரை கேட்கவே மாட்டார். மலைமேல் மோட்டார்க் காடியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி ஒரு பார்வை பார்ப்பார், கையை நீட்டுவார், அவ்வளவுதான். நாற்காலியைத் தானே இழுத்துப் போட்ட துரையை எங்கள் தோட்டத்தில் யாரும் பார்த்ததில்லை. ‘எனக்கு ஒரு தடவை தப்பிப் போச்சு’ என்று சொன்ன துரையையும் பார்த்ததில்லை. இத்தனை கேள்வி கேட்டு, தப்பையும் தானே ஒப்புக்கொள்கிறவளிடம் இருக்கிற ஒரு கண்ணைக் கொடுப்பதா? யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லி மலையேறிவிட்டேன்.

கிராணிதான் இன்னொரு இடத்தைச் சொன்னார். அதுவும் கோலாலம்பூரில்தான், தனியார் டாக்டர். “துரை கண்ணாடி போட அங்கதான் போறாரு” என்றார். அதற்கு மேல் எனக்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

அந்த இடத்துக்குள் காலை வைத்தபோது தரையே மெத்தென்று அமுங்கியது. ஏர்கோன் குளிர். சுவர் முழுக்கச் சட்டம் போட்டு மாட்டிய காகிதங்கள், எல்லாம் இங்கிலீஷ். எனக்கு அதில் ஓர் எழுத்து படிக்கத் தெரியாது. அவை அந்த டாக்டர் படித்த படிப்பா, அவர் வாங்கிய பரிசா, கட்டடத்துக்குக் கிடைத்த அனுமதியா என்று யாரையும் கேட்கவும் இல்லை. சட்டம் பெரிது, தங்க நிறம், அதனால் பெரிய டாக்டர். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவள்தானே நான்.

டாக்டர் அகன்ற மேசைக்குப் பின்னால் இருந்தார். எழுந்து வந்து, என் இடது கண்ணில் ஒரு விளக்கை அடித்துப் பார்த்தார். வலது கண் பக்கம் திரும்பவே இல்லை. என்னிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. மிஸ்ஸியிடம் இங்கிலீஷில் நீளமாக ஏதோ சொன்னார்.

“லேசர் வச்சா சரியாயிடும்னு சொல்றாரு. அடுத்த வாரம் வாங்க” என்றாள் அவள். அவர் பேசிய நீளத்துக்கும் அவள் சொன்ன நீளத்துக்கும் ஒட்டவே இல்லை. எனக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. சரியாயிடும்! செத்த கண் திரும்பி வரும்! அந்தச் சின்னப் பெண் வராது என்றாள், இவர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார். துரை என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும்? பஸ்ஸில் திரும்பும்போது சந்தோஷத்தில் அழுதேன். பக்கத்தில் இருந்த சீனப் பாட்டி எனக்கு ஓர் ஆரஞ்சுப் பழம் உரித்துக் கொடுத்தாள். அந்த வருஷம் யாராவது எனக்குச் சாப்பிடக் கொடுத்தது அது ஒன்றுதான்.

அடுத்த வாரம் முதல் பஸ்ஸைப் பிடித்து, மத்தியானம் போய்ச் சேர்ந்தேன்.

“கூட யாரு வந்திருக்கா?” என்று மிஸ்ஸி கேட்டாள்.

“என் கைப்பைதான்.”

அவள் என்னைச் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு கண்ணிலும் மருந்து விட்டாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. திரையை இழுத்துவிட்டுப் போய்விட்டாள். அறை அரையிருட்டாக இருந்தது. சுவரில் ஒரே ஒரு விளக்கு. சுற்றிலும் ஜோடி ஜோடியாகக் காத்திருந்தார்கள். ஒரு கிழவர் பெண்சாதியின் கண்ணைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. விளக்கைப் பார்த்தேன்.

அரைமணி நேரம் ஆகியிருக்கும். விளக்கைச் சுற்றி ஒரு வளையம் மெல்ல எழும்பியது. உள்ளே நீலம், வெளியே சிவப்பு. எனக்குப் பழக்கமான வளையம்தான். மிஸ்ஸி அந்தப் பக்கமாக வந்தபோது கேட்டேன்: “ஏர்கோன் போட்டா வீட்டுக்குள்ளயும் பனி வருமா?”

“பனியா? எங்கம்மா பனி?” அவள் சுற்றிப் பார்த்தாள்.

நானும் பார்த்தேன். சுவர் தெளிவாக இருந்தது. தங்கச் சட்டங்கள் தெளிவாக இருந்தன. விளக்குக்கு மட்டும் வளையம். என் வலது கண்ணில், என் ஒரே கண்ணில். ‘இங்க பனி இல்லையே’ என்று அந்தச் சின்ன டாக்டர் சொன்னது அப்போதுதான் என் மண்டைக்குள் இறங்கியது. அதே நேரம் வலது புருவத்துக்கு மேல் அந்த ஆணி, முதல் அடி அடித்தது.

ஐயோ, அந்தப் பயத்தை எப்படிச் சொல்வேன்!  எழுந்து நேராக டாக்டர் அறைக்குள் நுழைந்தேன்.

“வலது கண்ணுல வளையம் தெரியுது டாக்டர். வலி வருது. இடது கண்ணுக்கும் இப்படித்தான் வந்துச்சு.”

அவர் என்னைப் பார்க்கவில்லை, மிஸ்ஸியைப் பார்த்தார். இரண்டு வார்த்தை சொன்னார். “பயப்பட வேணாமாம், மருந்து விட்டா அப்படித்தான் இருக்குமாம். போயிப் படுக்கச் சொல்றாரு.”

“அம்மாவுக்குக் கண்ணு எப்படின்னு கேக்கச் சொல்லு அவர!” என்று கத்தினேன். “எனக்கு எப்ப வலிக்கும், எந்தப் பக்கம் வலிக்கும்னு கேக்கச் சொல்லு! ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த கேக்கச் சொல்லு!”

 அவர் கையை நீட்டிக் கதவைக் காட்டினார். எங்கள் துரை நீட்டுகிற அதே மாதிரி. என் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். கையைக் காட்டி வாடகைக் காடியை நிறுத்தி, பெரிய ஆஸ்பத்திரி என்றேன். போகப் போக வெளியே வெயில் பாலாகக் கலங்கியது. அதன் பிறகு வழி நெடுக வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டே போனேன். பொத்தினால் போகாமல் நிற்கும் என்பதுபோல.

அந்தச் சின்ன டாக்டர் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். தோளில் பை. என்னை யார் என்று தெரிந்துகொள்ள அவளுக்கு ஒரு நொடி போதுமாக இருந்தது.

“வளையம் தெரியுது டாக்டர். கீழதான். பனி இல்ல” என்றேன்.

பையைக் கீழே வைத்துவிட்டாள். “யாராச்சும் மருந்து விட்டாங்களா? எப்ப? என்ன நிற மூடி?” மறுபடி கேள்வி. இந்தத் தடவை ஒவ்வொரு கேள்விக்கும் பிள்ளை மாதிரி பதில் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. “பாவைய விரிக்கிற மருந்தும்மா அது. உங்க குறுகல் வழிய அதுவே அடைச்சிருச்சு” என்றாள். ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து, மணிக்கொரு தரம் சொட்டு மருந்து விட்டு அழுத்தத்தை இறக்கினாள்.

வார்டில் பார்வையாளர் நேரம் வந்தால் ஒவ்வொரு கட்டிலையும் சுற்றி ஆட்கள், சோற்றுக் கேரியர், பிள்ளைகள். என் கட்டில் பக்கத்து நாற்காலியை மற்றவர்கள் கேட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். “யாரும் வர்றாங்களாக்கா?” என்று கேட்டுத்தான் எடுத்தார்கள். எடுத்துக்கிட்டுப் போங்க என்றேன்.

மறுநாள் காலையில் லேசர் வைத்தாள். பெரியவரைக் கூப்பிடட்டுமா என்று கேட்டாள். அவர் உங்கள் பக்கத்தில் நிற்கட்டும், ஆனால் கை உங்களுடையதாக இருக்கட்டும் என்றேன். கண்ணில் ஒரு கண்ணாடி வில்லையை ஒட்டவைத்து, அசையாதீங்க என்றாள். பச்சை மின்னல் பளிச் பளிச்சென்று அடித்தது. ஒவ்வொன்றும் ஊசிக் குத்து. அடிக்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் “ரெடியாம்மா?” என்று கேட்டாள். பின்னால் பெரியவரின் கனத்த குரல் “குட்” என்றது. அன்று சாயங்காலம் வார்டு விளக்கை அண்ணாந்து பார்த்தேன். வெறும் விளக்கு. சுற்றி ஒன்றும் இல்லை. பக்கத்தில் ஆள் இருந்தால் கையைப் பிடித்துச் சொல்லியிருப்பேன். தலையணையிடம் சொன்னேன்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் அவள் என் காகிதத்தைப் புரட்டிக்கொண்டே பேசினாள். “உங்க அம்மாவுக்கு வந்தது புரையா இருக்காதும்மா. இதேதான் இருந்திருக்கும். இது குடும்பத்துல வரும்.”

 பல்பின் கீழே அண்ணாந்து உட்கார்ந்திருந்த அம்மா கண் முன்னால் வந்தாள். நான்தான் கதவைச் சாத்தச் சொன்னேன். நான்தான் பனி என்றேன். ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும், நான் கேட்கவில்லை. பெற்ற தாயிடம் நானும் ஒரு துரையாகத்தான் இருந்திருக்கிறேன்.

அவள் அதைக் கவனிக்காமல் சொல்லிக்கொண்டே போனாள்: “நல்ல வேள, கூடப் பிறந்தவங்க இல்லன்னு சொல்லிட்டீங்க. இருந்தா அவங்களத்தான் முதல்ல கூட்டிட்டு வரச் சொல்லியிருப்பேன்.”

  வெட்கமாக இருந்தது. கண்ணைக் காப்பாற்றியவளிடம் பொய் சொல்லியிருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

பஸ் மலை ஏற ஏறக் காது அடைத்தது. எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அவளுக்கு வந்தால் வரட்டும், புருஷன் இருக்கிறான், பார்த்துக்கொள்வான். எனக்கு யார் பார்த்தார்கள்? இப்படி ஒவ்வொரு வளைவிலும் ஒன்று சொல்லிக்கொண்டேன். ஒன்றும் நிற்கவில்லை. தானா ராத்தாவில், என் லயத்துப் பக்கம் போகிற பஸ்ஸை விட்டுவிட்டு, லெம்பா பெர்த்தாம் பக்கம் போகிற காய்கறி லோரியைக் கை காட்டி நிறுத்தினேன். அந்த லோரிக்காரன் அன்றைக்கு முட்டைக்கோஸ் பையைத் திருப்பிக் கொண்டுபோன அதே ஆள். என்னைப் பார்த்தான், கதவைத் திறந்துவிட்டான்.

அவள் வீடு காய்கறிப் பாத்திகளுக்கு நடுவில், பலகை வீடு. பொழுது சாய்கிற நேரம். வாசலில் ஒரு பல்பு எரிந்துகொண்டிருந்தது. அவள் குந்தி உட்கார்ந்து கேரட்டில் ஒட்டிய மண்ணைக் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள், ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தாள். தலையில் இரண்டொரு நரை. நான் பார்க்காமல் விழுந்த நரை.

“பசியாறிட்டியாக்கா?”

எட்டு வருஷத்துக்குப் பிறகு அவள் கேட்ட முதல் கேள்வி.  வாசல்படியில் கால் வைத்தேன். மன்னிப்பு கேட்கிற வார்த்தையை வழியெல்லாம் தேடி வைத்திருந்தேன், ஒன்றுகூட வரவில்லை.

“அந்த லைட்டப் பாரு. என்ன தெரியுது?” என்றேன்.

“என்னக்கா இது? இத்தன வருஷம் கழிச்சு வந்து லைட்டப் பாரு, கிட்டப் பாருன்னு...”

“பாருடி.”

அண்ணாந்து பார்த்தாள். அம்மா பார்ப்பது போலவே. “சுத்தி வளையம் தெரியுது. கலரா. சாயங்காலமானா தெரியும், அதுக்கென்ன? பனிதானேக்கா?”

நான் திரும்பிப் பார்த்தேன். எதிர் மலைச் சரிவில் ஒவ்வொரு பாத்தியும் தனித்தனியாகத் தெரிந்தது. அன்றைக்குப் பள்ளத்தாக்கில் ஒரு பொட்டுப் பனி கிடையாது. அந்தப் பல்பு என் கண்ணுக்கு வெறும் பல்பாக எரிந்தது.

அழுதுவிட்டேன். பழைய சண்டையை நினைத்து அழுகிறேன் என்று எண்ணி, அவளும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழட்டும் என்று விட்டேன். பிறகு தண்ணீர் குடித்துவிட்டு, விஷயத்தை முதலிலிருந்து சொன்னேன். அம்மாவையும் சொன்னேன். அவள் என் இடது கண்ணை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“நாளைக்கு மொத பஸ். துணிமணி எடுத்து வை” என்றேன்.

“பெரிய டாக்டராக்கா?”

“இல்லடி. கேள்வி கேக்குற டாக்டரு. கேக்குற எல்லாத்துக்கும் உண்மையச் சொல்லணும். தலவலி எப்ப வரும்னு கேப்பாங்க. அம்மாவப் பத்திக் கேப்பாங்க. கூடப் பொறந்தவங்க இருக்காங்களான்னு கேப்பாங்க.”

அவள் கழுவாமல் கிடந்த கேரட்டை எடுத்துக் கூடையில் போட்டாள்.

“இருக்காங்கன்னு சொல்லலாமாக்கா?” என்று கேட்டாள்.